தாயின் முகவரி எங்கே?

திருவருகைக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு வந்துவிட்டால் நம் பங்குகளில் ஒரு சுறுசுறுப்புத் தொற்றிக்கொள்வதைக் காண்கிறோம். இளையோர் இயக்கத்தார் ஒருபுறம், மரியாயின் சேனையார் ஒருபுறம், அன்பியத்தார் மறுபுறம் எனக் கூடிப் பேசி, இவ்வாண்டு எந்தக் குழந்தைகள் இல்லத்துக்குப் போவது என்று முடிவெடுக்கிறார்கள். வேன் பேசப்படுகிறது. கேக்குக்கு முன்பணம் கொடுக்கப்படுகிறது. பழைய துணிகள் மூட்டைகளாகின்றன. இருட்டுவதற்குள் ஊர் திரும்பிவிட வேண்டும் என்பதும் அப்போதே முடிவாகிவிடுகிறது. இப்படிப் போய் வருவதற்கு 'மறைப்பணிப் பயணம்' என்று பெயர். முன்பெல்லாம் திரும்பி வந்தபின் பங்கின் அறிவிப்புப் பலகையில் நிழற்படங்கள் ஒட்டப்படும். இப்போது வேன் ஊர் வந்து சேருமுன்பே அவை கைபேசிகளின் வழியாக உலகைச் சுற்றிவிடுகின்றன. படத்தின் நடுவில் கேக். கேக்கைச் சுற்றிப் பெரியவர்கள். பெரியவர்களுக்கு முன்னால் தரையில் குழந்தைகள்.

நல்ல மனத்தோடு செய்வதைக் குறை சொல்லலாமா என்று சிலர் வருந்தக்கூடும். அந்த மனத்தின் மீது நமக்கு ஐயமில்லை. ஆனால் அது எங்கே போய்ச் சேருகிறது, போகும் வழியில் யாரைக் கடந்து போகிறது என்று கேட்கும் கடமை பொதுநிலையினராகிய நமக்கு உண்டு. அதைச் சற்றுக் கடுமையாகவே கேட்க வேண்டிய வேளை வந்துவிட்டது.

சென்ற ஆண்டு சனவரியில், திருக்காட்சிப் பெருவிழா கழிந்த வாரத்தில், எங்கள் அன்பியத்தைச் சேர்ந்த எட்டுப் பேர் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் சென்றிருந்தோம். பழைய நண்பர்களைக் காண்பதும், அவர்கள் வழியாக அறிமுகமான இரண்டொரு குழந்தைகள் இல்லங்களைப் பார்ப்பதும் பயணத்தின் நோக்கங்கள். கடலூரில் நாங்கள் தங்கியது மீனவ நண்பர் ஒருவரின் வீட்டில். அவர் கிறிஸ்தவர் அல்லர். 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை வந்த ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. தேவனாம்பட்டினமும் சிங்காரத்தோப்பும் சோனங்குப்பமும் அன்று பட்ட பாட்டை நேரில் கண்டவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேச முனைவதில்லை. நண்பரின் அண்ணனும் அண்ணியும் அந்த அலையில் போனார்கள். இரண்டு பிள்ளைகள் எஞ்சினார்கள்.

அடுத்த மாதமே வேன்கள் வரத் தொடங்கின என்றார் நண்பர். எங்கெங்கிருந்தோ வந்தார்கள், எல்லாச் சமயத்தாரும் வந்தார்கள். பிள்ளைகளைக் கொடுங்கள், ஆங்கிலப் பள்ளியில் படிக்க வைக்கிறோம், மூன்று வேளையும் சோறு உண்டு, கட்டில் உண்டு என்றார்கள். நண்பரின் படகு அப்போது இரண்டாகப் பிளந்து மணலில் கிடந்தது. அந்த நிலையிலும் அவர் சொன்ன மறுமொழி: "படகுக்கு வழி சொல்லுங்கய்யா. புள்ளைங்களுக்கு நாங்க இருக்கோம்." வந்தவர்களில் படகைப் பற்றிப் பேச யாரும் ஆயத்தமாக இல்லையாம். பிறகு படகு வேறு வழியில் வந்தது. இரு பெற்றோரையும் இழந்த பிள்ளைகளுக்குத் தமிழக அரசு ஆளுக்கு 5 இலட்சம் ரூபாயை வைப்புத்தொகையாகப் போட்டது. யாருமற்றவர்களுக்குக் கடலூர் உள்ளிட்ட இடங்களில் அரசே இல்லமும் திறந்தது. நண்பரின் அண்ணன் பிள்ளைகள் இருவரும் சித்தப்பா வீட்டிலேயே வளர்ந்தார்கள். மூத்தவள் இன்று செவிலியர். நாங்கள் போயிருந்த அன்று, எங்களுக்குக் கொடுவா மீன் குழம்பு வைக்கச் சொல்லிச் சித்தியைத் தொலைபேசியில் அதட்டிக்கொண்டிருந்தாள்.

வேன்களில் வந்தவர்களைக் கெட்டவர்கள் என்று நண்பர் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. அவர்கள் கண்ணில் பிள்ளைகள் பட்டார்கள், பிளந்த படகு படவில்லை. நம் வாதத்தின் சாரம் முழுவதும் அவ்வளவுதான்.

கடலூரிலிருந்து சிதம்பரம் பேருந்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். அங்கே நாங்கள் சென்ற இல்லத்தை ஒரு துறவற சபையின் அருள்சகோதரியர் நடத்துகிறார்கள். துப்புரவான இல்லம், அன்பான சகோதரியர். அன்று ஆண்டவரின் திருமுழுக்கு விழா. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினரையும் கூட்டிக்கொண்டு ஒரு நகரத்துக் குழு எங்களுக்கு முன்பே அங்கு வந்திருந்தது. கிறிஸ்து பிறப்பு விழாவையும் பொங்கலையும் சேர்த்துக் கொண்டாடுகிறார்களாம். ஒலிபெருக்கி, வண்ணத்தாள், கேக் எல்லாம் ஆயத்தம். குழந்தைகள் வரவேற்பு நடனம் ஆடினார்கள். நன்றிப் பாடல் பாடினார்கள். ஒவ்வொருவராக வந்து, தம் பெயரையும் வகுப்பையும் எதிர்காலத்தில் என்னவாக விரும்புகிறார்கள் என்பதையும் ஒலிவாங்கியில் சொன்னார்கள்.

ஆடிக்கொண்டிருந்த குழந்தைகளில் பலர் விருந்தினரைப் பார்க்காமல் வெளிவாயிலைப் பார்த்து ஆடுவதை எங்களுள் ஒரு சகோதரிதான் முதலில் கவனித்தார். வாயிலுக்கு வெளியே, புளியமரத்தடியில், பதினைந்து இருபது பெண்கள் அமர்ந்திருந்தார்கள். கையில் துணிப்பை, சிலர் மடியில் கைக்குழந்தை. இவர்கள் யார் என்று தலைமைச் சகோதரியிடம் கேட்டோம்.

"பிள்ளைங்களோட அம்மாமார். இரண்டாம் ஞாயிறு அவங்க பார்க்க வர்ற நாள். நிகழ்ச்சி முடிஞ்சதும் உள்ளே விட்டுடுவோம்."

நிகழ்ச்சி இரண்டரை மணி நேரம் நடந்தது.

அந்த இல்லத்தில் நாற்பது பேருக்குச் சற்று மேல் பிள்ளைகள். தந்தை தாய் இருவரையும் இழந்தவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம் என்று சகோதரி ஒளிக்காமல் சொன்னார். மற்றவர்களுக்குத் தாய் உண்டு. சிலருக்குத் தந்தையும் உண்டு. வாயிலுக்குள் நகரத்து விருந்தினர் தாயன்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, தாய்மார் புளியமரத்தடியில் காத்திருந்தார்கள். அந்த நேரத்தை நிர்ணயித்தது சகோதரியா என்றால், இல்லை. வருகிறவர்களுக்கு வசதியான நாள் ஞாயிறு. கொடுக்கிறவரிடம் வேறு நாள் வாருங்கள் என்று சொல்லும் துணிவு, அரிசிக்கும் மின்கட்டணத்துக்கும் கையேந்தி நிற்கும் இல்லத்துக்கு எப்படி வரும்? எனவே குற்றத்தை அருள்சகோதரியர் தலையில் இறக்கிவைத்துவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. நிகழ்ச்சியைக் கேட்பவர்கள் பொதுநிலையினர்.

யாக்கோபின் திருமுகத்தை நாம் இத்தகைய பயணங்களுக்குச் சான்றாகக் காட்டுவதுண்டு. தூய சமய வாழ்வு எது என்று சொல்லவந்த திருத்தூதர், துன்புறும் அநாதைகளைச் சென்று பார்ப்பதை முதலில் வைக்கிறார் என்பது உண்மைதான். ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. அநாதைகளையும் கைம்பெண்களையும் ஒரே மூச்சில், ஒரே வினையோடு சேர்த்துச் சொல்கிறார். நம் மேடைகளில் அந்த வாக்கியத்தின் பின்பாதி எப்படியோ உதிர்ந்துவிடுகிறது. பழைய ஏற்பாட்டில் 'யாத்தோம்' என்னும் எபிரேயச் சொல்லைத் தமிழில் அநாதை என்று பெயர்க்கிறோம். அச்சொல் பெரும்பாலும் தந்தையை இழந்த பிள்ளையைக் குறிப்பது. அப்பிள்ளையின் தாய்தான் அடுத்த சொல்லாக வரும் கைம்பெண். அவர்கள் இரு தனித்தனி அறப்பணிகளுக்கு உரிய இரு கூட்டத்தார் அல்லர். ஒரு கூரையின் கீழ் வாழும் ஒரு குடும்பம். வீட்டுத்தலைவன் போய்விட்ட குடும்பம். பிள்ளையைத் தனியே எடுத்துவிட்டுத் தாயை வாயிலுக்கு வெளியே நிறுத்தினால், யாக்கோபு சொன்னதில் பாதியைத்தானும் செய்தோம் என்று சொல்ல இயலாது.

அரசர்கள் இரண்டாம் நூலில் நான்காம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். இறைவாக்கினர் குழுவைச் சேர்ந்த ஒருவர் கடனோடு இறந்துவிடுகிறார். கடன் கொடுத்தவன் இரு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வருகிறான். தாய் எலிசாவிடம் அழுகிறாள். எலிசா அந்தப் பிள்ளைகளை இறைவாக்கினர் மடத்தில் சேர்த்துவிடச் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னதாக நூலில் இல்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். ஒரு கலயம் எண்ணெய். அக்கம்பக்கத்தாரிடம் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கச் சொல்கிறார். எண்ணெய் பெருகுகிறது, விற்றுக் கடனை அடைத்து, எஞ்சியதைக் கொண்டு அவளும் பிள்ளைகளும் பிழைத்துக்கொள்ள வழி பிறக்கிறது. புதுமையைச் செய்தவர் ஆண்டவர்; பாத்திரம் கொடுத்தவர்கள் அண்டைவீட்டார். பங்கு என்று நாம் அழைப்பது அந்த அண்டைவீட்டாரைத்தான். செங்கல் சூளைகளிலும் கரும்புத் தோட்டங்களிலும் முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு சிக்கிக்கொள்ளும் நம் மாவட்டத்து ஏழைகளுக்கு இந்த அதிகாரம் பழங்கதையாகத் தோன்றாது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தும் அந்த முன்பணம் ஒழியவில்லை.

மோசேயின் கதையில் இன்னும் ஒரு படி மேலே காண்கிறோம். நாணல் பேழையிலிருந்து குழந்தையை எடுத்த பார்வோனின் மகள், அதைப் பாலூட்டி வளர்க்க ஓர் எபிரேயப் பெண்ணை அமர்த்திக் கூலியும் பேசுகிறாள். கூலி பெற்றவள் பெற்ற தாயே. அரண்மனைப் பணம் சேரிக்குப் போயிற்று. குழந்தை தாய்மடியில் வளர்ந்தது. பார்வோன் மகள் அதை அறியாமல் செய்தாள். அறிந்து செய்ய நமக்கு என்ன தடை?

அன்று மாலை, அந்தத் தாய்மாரில் ஒருவரோடு கிள்ளைப் பக்கம் போனோம். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டைப் படகில் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பும் சுற்றுலாக்காரர்களுக்கு அப்பக்கத்து இருளர் குடியிருப்புகள் கண்ணில் படுவதில்லை. இருளர் தமிழ்நாட்டின் மிகவும் நலிந்த பழங்குடிகளுள் ஒருவராக அரசே வகைப்படுத்தியிருக்கும் மக்கள். கழிமுகத்தில் நீர் வற்றும் நேரம் பார்த்து இறங்கி, கையால் துழாவி இறாலும் நண்டும் பிடித்துப் பறியில் போட்டுக்கொள்வது அவர்களின் பிழைப்பு. அந்தத் தாய் கைம்பெண். மகன் ஒன்பதாம் வகுப்பு, மகள் நான்காம் வகுப்பு, இருவரும் இல்லத்தில். ஏன் சேர்த்தீர்கள் என்று கேட்டோம். பசி என்று சொல்வார் என எதிர்பார்த்தோம்.

"சோறு எப்படியும் ஆக்கிடுவேன் சார். காலையில இப்ப பள்ளிக்கூடத்துலயே சோறு போடுறாங்க. தண்ணி வத்துறது நாம சொல்ற நேரத்துக்கு வராது. ராத்திரி ரெண்டு மணிக்கு வத்தும். பொட்டப்புள்ளைய யார்கிட்ட விட்டுட்டுப் போறது? கதவு இல்லாத வீடு."

அவர் தம் தேவைகளைச் சொல்லிவந்தபோது எங்களுள் கணக்கர் ஒருவர் குறித்துக்கொண்டே வந்தார். ஒரு கதவு. இரவில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஏதாவது. மகன் பத்தாம் வகுப்பைத் தாண்டினால் உதவித்தொகை பெறுவதற்குப் பழங்குடிச் சான்று. அதற்கு அலைந்து திரியப் படித்தவர் ஒருவரின் துணை. மூன்றாவதுதான் மிகக் கடினம் என்று கணக்கர் கருதினார். பின்னால் அது சரியென்றே தெரிந்தது. மாதந்தோறும் இல்லத்துக்குப் போய்வரும் ஒரு நாளில் அத்தாய் இழப்பது பேருந்துக் கட்டணத்தோடு அன்றைய பிழைப்பும். அதைக் கொடுத்து அவர் பெறுவது, புளியமரத்தடிக் காத்திருப்புப் போக, ஒரு மணி நேரம்.

இப்படி ஒரு தாய்தானா என்று கேட்டால், இந்த மாவட்டத்தின் அண்மைக்கால வரலாற்றையே திருப்பிப் பார்க்கச் சொல்வோம். ஆழிப்பேரலைக்குப் பின் 2011 டிசம்பர் 30-இல் தானே புயல். பண்ணுருட்டிச் சுற்றுவட்டாரத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. முந்திரிக்கன்று மறுபடி காய்த்துப் பலன்தர ஆண்டுகள் ஆகும். அதுவரை கொட்டை பொறுக்கியும் உடைத்தும் பிழைத்த பெண்கள் எங்கே போவார்கள்? 2015 நவம்பர், டிசம்பரில் வெள்ளம். 2024 சூனில் அண்டையிலுள்ள கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. சில நாட்களுக்குள் அத்தனை வீடுகளில் துயரம் புகுந்தது. பிள்ளைகள் இல்லத்துக்கு வரும் பாதை இவற்றின் வழியாகவே வருகிறது. பிள்ளைகளை அநாதை என்று அழைக்கும்போது இந்தப் பாதையை மறைத்துவிடுகிறோம்.

இல்லங்களின் வரலாற்றை இழிவுபடுத்துவது நம் நோக்கமன்று. 1776 முதல் இப்பகுதியில் உழைத்த பாரிசு வெளிநாட்டு மறைபரப்புச் சபையாரின் காலத்தில் அவை வேறொரு தேவைக்கு எழுந்தன. 1844-இல் புதுச்சேரியில் தூப்புயி அடிகளார் நம் நாட்டுப் பெண்களைக் கொண்டே ஒரு கன்னியர் சபையைத் தொடங்கியது, பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் பள்ளி அரிதாக இருந்த வேளையில். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் குடும்பங்கள் முழுமையாக மடிந்தன. சாலையோரம் கிடந்த குழந்தையைத் திருப்பிக் கொடுக்கத் தாய் உயிரோடு இல்லை. அந்நாளில் இல்லம் திறந்தவர்கள் உயிரைக் காத்தார்கள். காரணம் மறைந்த பின்னும் கட்டடம் நின்றுவிடுகிறது. கட்டடம் நின்றால் அதை நிரப்ப வேண்டியிருக்கிறது. இது நம் திருச்சபைக்கு மட்டுமே உரிய நோயன்று.

பிரான்சு நாட்டிலிருந்து பொதுநிலையினராகிய நமக்கு வந்துசேர்ந்த இரண்டு மரபுகளை இங்கே நினைத்துப் பார்க்கலாம். 1843-இல் நான்சி மறைமாவட்ட ஆயர் ஃபோர்பின் ஜான்சன் தொடங்கிய திருப்பாலத்துவ சபை ஒன்று: குழந்தைகள் காசு சேர்த்துத் தொலைதூர நாட்டுக் குழந்தைகளுக்கு அனுப்புவது. உண்டியல் மரபு என்று சொல்லலாம். அதற்குப் பத்தாண்டு முன்பே, 1833-இல், பாரிசில் இருபது வயது மாணவரான ஓசானாமும் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை மற்றொன்று. அதன் முதல் விதியே ஏழையை அவர் வீட்டில் சென்று சந்திப்பது. வரச் சொல்லிக் கொடுப்பதன்று, படியேறிப் போய் உட்கார்ந்து பேசுவது. இவ்விரண்டில் நம் பங்குகளில் எது தழைத்திருக்கிறது? வின்சென்ட் தே பவுல் சபையார் இன்றும் பல ஊர்களில் அமைதியாக வீடு தேடிச் செல்கிறார்கள். அவர்களின் கூட்டத்துக்கு எத்தனை இளைஞர் போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கேக்கோடு புறப்படும் வேனில் இடம் கிடைப்பதில்லை.

உலகம் இந்தக் கேள்வியில் எங்கோ முன்னேறிவிட்டது. வறுமை ஒன்றை மட்டுமே காரணமாகக் காட்டிக் குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கலாகாது என்று ஐக்கிய நாடுகள் அவை 2009-இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு நெறிமுறைகள் சொல்கின்றன. நம் நாட்டின் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே கொள்ள வேண்டும் என்கிறது. 2018-இல் வெளிவந்த நடுவண் அரசின் ஆய்வு, நாடெங்கும் 9,589 இல்லங்களையும் அவற்றில் 3 இலட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளையும் கணக்கெடுத்தது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தாயோ தந்தையோ ஒருவர் உயிரோடிருக்கும் பிள்ளைகள். இல்லங்களின் எண்ணிக்கையில் முன்னிற்கும் மாநிலம் நம்முடையதே. உச்சநீதிமன்றம் 2017 மே 5-இல் இல்லங்களின் பதிவையும் கண்காணிப்பையும் பற்றிக் கடுமையான ஆணைகள் பிறப்பித்த வழக்குக்குப் பெயரே, தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது குறித்த வழக்கு என்பது. 2007-இல் தொடங்கிய வழக்கு அது. தமிழர் பெருமைப்படத்தக்க பெயரன்று.

ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வு ஒன்றில், இல்லங்களில் வளர்ந்த 136 குழந்தைகளில் ஒரு பாதியினரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டுப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவும் பிணைப்பும் மற்றவர்களைவிடத் தேறின. இதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகள் தேவையா என்று நம் பாட்டிமார் கேட்பார்கள், கேட்கட்டும்.

படம் எடுப்பதைப் பற்றியும் சொல்லிவிடுவோம். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் பெயர், பள்ளி, முகம் ஆகியவற்றை ஊடகங்களில் வெளியிடுவது மேற்சொன்ன சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ, 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டம் கிடக்கட்டும். வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்று கற்பித்தவரின் பெயரால் போகிறவர்களுக்கு, வலக்கையில் கேக்கும் இடக்கையில் கைபேசியும் எப்படிப் பொருந்துகின்றன? அந்தப் படத்தில் தரையில் அமர்ந்திருக்கும் பெண் இருபது வயதில் மணமேடைக்குப் போகும்போதும் அது எங்கோ உலவிக்கொண்டுதான் இருக்கும்.

நம்மை மறுப்பவர்களின் வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு. "போர்டிங் இல்லாவிட்டால் நான் படித்திருக்கவே மாட்டேன்" என்று கூறும் அருள்தந்தையரும் ஆசிரியரும் அரசு அலுவலரும் நம் நடுவில் ஏராளம். அவர்களில் பெரும்பாலோர் தலித் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அவர்கள் சொல்வது முழு உண்மை. ஊர்ப் பள்ளி கதவடைத்த காலத்தில் மறைமாவட்ட விடுதிகள் கதவு திறந்தன. சிதம்பரத்திலேயே சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் பெயரால் கல்விக்கூடம் தொடங்கியது அந்தக் கதவடைப்புக்கு எதிராகத்தான். ஆனால் விடுதி வேறு, அநாதை இல்லம் வேறு. விடுதிப் பிள்ளை பள்ளிக்காக வந்தவன். விடுமுறைக்கு வீடு போவான். தாய் பெயரைச் சொல்லி வளர்வான். அவனை யாரும் மேடையில் நிறுத்தி அநாதை என்று அறிமுகப்படுத்துவதில்லை. பள்ளி எட்டாத மலைகளுக்கும் தீவுகளுக்கும் மேல்நிலைக் கல்விக்கும் விடுதிகள் இருக்கட்டும். நான்காம் வகுப்புச் சிறுமி, பள்ளி நடக்கும் தூரத்தில் இருந்தும், வீட்டுக்குக் கதவில்லை என்பதற்காக இல்லத்தில் வளர்வதை விடுதியின் புகழைச் சொல்லி நியாயப்படுத்த முடியாது.

எல்லா வீடும் வீடல்ல என்பதையும் அறிவோம். அடியும் குடியும், அதைவிடக் கொடியதும் நடக்கும் வீடுகள் உண்டு. உண்மையாகவே யாருமற்ற பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு இல்லம் வேண்டும், நல்ல இல்லம் வேண்டும், இன்னும் குறைந்த எண்ணிக்கையில் குடும்பம் போன்ற இல்லம் வேண்டும். நாற்பது பேருக்குச் செலவாகும் அன்பை அந்த நாலைந்து பேருக்குக் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இன்னொரு மறுப்பு மெல்லிய குரலில் வருகிறது. கிறிஸ்தவ நிறுவனங்களை மதமாற்றக் கூடங்கள் என்று பழிப்பவர்கள் பெருகிவிட்ட நாளில், இல்லங்களைப் பற்றி இப்படி எழுதினால் அவர்கள் கைக்கு ஆயுதம் கொடுப்பதாகாதா என்பது அது. அந்த அச்சம் பொய்யன்று. ஆனால் பகைவன் சொல்வான் என்பதற்காகத் தாயைப் புளியமரத்தடியில் உட்கார வைத்திருப்பது எந்த நற்செய்தியில் இருக்கிறது? நயீன் ஊரில் இறந்த மகனை எழுப்பிய ஆண்டவர் அவனைச் சீடனாக்கிக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அவன் தாயிடம் கொடுத்தார். தாய்மாரிடம் பிள்ளைகளை மீட்டுக் கொடுக்கும் திருச்சபையை மதமாற்றக்காரர் என்று யார் பழித்தாலும் ஊர் நம்பாது.

உகாண்டா நாட்டின் அருள்சகோதரியர் கடந்த பத்தாண்டுகளில் இந்தப் பாதையில் இறங்கியிருக்கிறார்கள். தங்கள் இல்லங்களின் பிள்ளைகளைப் படிப்படியாகக் குடும்பங்களோடு சேர்த்து, சகோதரியர் சமூகப்பணியாளர்களாக வீடு வீடாகப் போகிறார்கள். நம் நாட்டுத் துறவற சபைகளிலும் அந்தப் பேச்சு தொடங்கிவிட்டது. அவர்களுக்கு இடையூறாக நிற்பது யார்? தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கும் நன்கொடையாளர். நாற்பது குழந்தைகளுக்குச் சோறு போடுகிறோம் என்றால் பணம் வரும்; நாற்பது தாய்மார் வீட்டுக்குப் போய் வருகிறோம் என்றால் வராது. படம் எடுக்க அங்கே ஒன்றும் இல்லையே.

பணமும் வழியும் ஓரளவு இருக்கவே செய்கின்றன. நடுவண் அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் 2022-ஆம் ஆண்டு நெறிமுறைகள், கைம்பெண்கள் உள்ளிட்ட ஏழைத் தாய்மாரிடம் வளரும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத்தொகைக்கு வழி செய்கின்றன. தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டம், பெற்றோரை இழந்து உறவினர் பாதுகாப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் கொடுக்கிறது. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டு முதல் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. இவற்றுக்கெல்லாம் படிவம் உண்டு, சான்று உண்டு, நகல் உண்டு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு நாலு முறை நடக்கும் நடை உண்டு. எழுதப்படிக்கத் தெரியாத, ஒரு நாள் பிழைப்பை விட்டுவர முடியாத தாய்க்கு இவையே மதில். நம் பங்குகளில் ஓய்வுபெற்ற ஆசிரியர் இல்லையா? வங்கிப் பணியாளர் இல்லையா? வட்டாட்சியர் அலுவலகத்து நடைமுறை அறிந்தவர் இல்லையா? கேக் வெட்டத் தெரியாதவர்கூட விண்ணப்பம் எழுதித் தரலாம்.

எனவே வருகின்ற திருவருகைக்காலத்தில் பட்டியல் போடும் கூட்டங்களில் ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொல்கிறோம். எந்த இல்லத்துக்குப் போனாலும், குழந்தைகளின் எண்ணிக்கையையும் சட்டை அளவையும் கேட்பதற்கு முன்பு, இவர்களில் யாருக்குத் தாய் உண்டு, அந்தத் தாயை நாங்கள் அவர் வீட்டில் போய்ப் பார்க்கலாமா, அவர் அதற்கு இசைவாரா என்று சகோதரியிடம் கேளுங்கள். பிள்ளைகளைப் பார்க்கத் தாய்மார் வரும் ஞாயிற்றில் நீங்கள் போகாதீர்கள். போக நேர்ந்தால் அவர்களின் பேருந்துக் கட்டணத்தை மட்டும் கொடுத்துவிட்டு வாயிலிலேயே திரும்பிவிடுங்கள். வேன் வாடகையும் கேக்கின் விலையும் சேர்ந்தால் ஒரு கதவு வரும். எங்கள் கணக்கர் விலை விசாரித்துவிட்டார்.

கிள்ளைத் தாயின் வீட்டுக்குக் கதவு மே மாதம் போட்டாயிற்று. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒப்புக்கொண்டார். காசு வேண்டாம், வெற்றிலைக்குக் கொடுத்தால் போதும் என்றார். குழந்தைகள் நலக் குழுவின் ஆணையோடு, சூனில் பள்ளி திறந்தபோது மகள் வீட்டிலிருந்து போனாள். மகன், பத்தாம் வகுப்பு முடியும்வரை இல்லத்திலேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டான். அங்கே மின்விளக்கு உண்டு, கணக்குச் சொல்லித்தரச் சகோதரி உண்டு என்பது அவன் கட்சி. அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பழங்குடிச் சான்றுக்கான விண்ணப்பத்துக்குத் தாத்தாவின் பிறப்பிடத்தைக் காட்டும் ஆவணம் கேட்கிறார்கள். அந்தத் தாத்தா சுரபுன்னைக் காட்டில் பிறந்தவர். எங்களுள் இருவர் மாதத்தின் முதல் சனிக்கிழமை அதற்காகப் போய்வருகிறார்கள்.